மூட்டைக்குக் கை இல்லை

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொல்லக் கேட்டு எடுத்துக்கொண்டேன். அவர் பெயர் சேரன். "மல்லாட்டை மூட்டையோட வானத்துல பறந்துக்கினு இருக்கேன் சார்," என்றார். வேர்க்கடலை மூட்டை வானத்தில் பறக்கிறதாம். காலையிலேயே குடித்திருக்கிறார் என்று நினைத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டுவதற்குள் அவர் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஆதிகாலம் தொட்டே மனிதனுக்குப் பறக்கும் ஆசை—"

வேண்டாம். பேச்சுப் போட்டி வாடை அடிக்கிறது.

அடுத்தது: "இசைவாணி வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு—"

பச்சைப் பொய். அவள் வானத்தைப் பார்க்கிற ஆளே இல்லை. வெல்டிங்கில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்க்கிற ஆள்.

2

இசைவாணி, சேரனின் அக்கா. திண்டிவனத்தில் மயிலம் போகிற ரோட்டில் டிராக்டர் டிரெய்லர் செய்யும் பட்டறை வைத்திருக்கிறாள். தம்பிக்குப் பறக்கத் தெரியும், அக்காவுக்குச் செய்யத் தெரியும். இரண்டு பேர் போகிற பாராசூட் வண்டி ஒன்றைச் செய்தார்கள்.

வண்டி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மூன்று சக்கரம், குழாயில் செய்த சட்டம், பின்னால் எஞ்சினும் விசிறியும், மேலே பாராசூட். எஞ்சினை முடுக்கினால் ஏறும், குறைத்தால் இறங்கும். ஓட்டுபவர் காலால் மிதித்தால் ஒரு கயிறு பாராசூட்டின் ஓரத்தை இழுக்கும். வண்டி அந்தப் பக்கம் திரும்பும்.

வித்தை எல்லாம் பின் இருக்கையில்தான். பாராசூட் தொங்கும் இடத்துக்கு நேர் கீழே அது இருக்க வேண்டும். அப்போதுதான் அங்கே நோஞ்சான் உட்கார்ந்தாலும் குண்டர் உட்கார்ந்தாலும் வண்டியின் மூக்கு தூக்காது, தாழாது. அந்த இடத்தைப் பிடிக்க அவளுக்கு எட்டு மாதம் ஆனது.

சோதனைக்கு உட்கார ஆள் வேண்டுமே! அவள் எடை அறுபத்திரண்டு கிலோ. அதே எடைக்கு ஒரு மூட்டை மல்லாட்டை கட்டி, பெல்ட் போட்டு, தலையில் ஹெல்மெட்டும் மாட்டினார்கள். அறுவடை முடிந்த கொல்லைகளுக்கு மேலே நான்கு முறை போய்வந்தது மூட்டை. ஒரு சத்தம் போடவில்லை.

(பறக்க அனுமதி இருந்ததா என்று கேட்கும் வாசகருக்கு: இருந்தது. அந்தக் காகிதங்களின் கதை இதைவிட நீளம், இதைவிடப் பேஜாரு.)

3

ஐந்தாம் முறை இசைவாணியே உட்கார்ந்தாள்.

வண்டி ஓடத் தொடங்கியது. பாராசூட் தலைக்கு மேல் எழுந்து விரிந்தது. தரையை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால், முன்சக்கரம் ஒரு சின்ன வரப்பில் ஏறித் தூக்கிப்போட்டது. அவள் கை தோள்பக்கம் கிடைத்ததைப் பிடித்தது. அது வண்டியைத் திருப்பும் வலதுபக்கத்துக் கயிறு. பாராசூட் வலப்பக்கம் சாய, வண்டி வளைந்து போய் வாய்க்காலில் இறங்கியது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

"பயந்துக்கினியாக்கா?" என்று சிரித்தான் சேரன். "வண்டில ஒரு கோளாறும் இல்ல. கோளாறு உங்கிட்டதான். ஞாயித்துக்கிழம சங்கவிய ஏத்திக்கினு போறேன், பாரு."

சங்கவி, சேரனின் மனைவி.

இந்த இடத்தில் நான் கதையை முடித்துவிட்டேன். தான் செய்த வண்டியில் தானே ஏறிப் பயந்தவள். முடிவு அம்சமாக இருந்தது. எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். பிறகு பட்டறைக்குப் போய் இசைவாணியிடம் படித்துக் காட்டினேன். ஒரு கிரைண்டரைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"பயந்தேன்தான் சார், இல்லன்னு சொல்லல. ஆனா ஞாயித்துக்கிழம சங்கவியும் கயித்தப் புடிச்சா என்னா ஆவும்?"

எனக்கு அது தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது.

4

வியாழக்கிழமை அவள் பாராசூட்டைக் கழற்றி வைத்தாள். கயிறுகளை மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும்படி சட்டத்தின் மேல்கம்பியில் இழுத்துக் கட்டினாள். சிவப்பு சாக்பீஸை நுணுக்கி, பின் இருக்கைப் பக்கம் வரும் இரண்டு கயிற்றிலும் தடவினாள். தம்பியைக் கூப்பிட்டாள்.

"நீ பின்னாடி குந்துடா. நான் ஓட்டுறேன்."

"எதுக்கு?"

"சீட்டு ஆடுதான்னு பாக்கணும். ஜல்தி ஏறு."

அதே கொல்லை, அதே வேகம், அதே வரப்பு. தூக்கிப்போட்டது. எஞ்சினை நிறுத்தி இறங்கி வந்தாள்.

"கையக் காட்டு."

காட்டினான். வலது உள்ளங்கை முழுக்கச் சிவப்பு. வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்தான்.

"நான் புடிச்சது எனக்கே தெரியலக்கா."

"சங்கவிக்கும் தெரிஞ்சிருக்காது," என்றாள். "மூட்டைக்குக் கை இல்லடா. அதான் நாலு வாட்டியும் நல்லாப் பறந்துச்சு."

ஜெயித்த சந்தோஷம் அவளுக்கு வரவில்லை. எட்டு மாதம் எடையை அளந்தவள், கை எங்கே போகும் என்று ஒருநாள்கூட யோசிக்கவில்லை. மேலே போன பிறகு சங்கவி பிடித்திருந்தால்... அந்த வாக்கியத்தை அவளும் முடிக்கவில்லை, நானும் முடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கயிறுகளைக் குழாய்க்குள் விட்டாள். பின் இருக்கைக்கு முன்னால் ஒரு கைப்பிடிக் கம்பி வைத்துப் பற்ற வைத்தாள்.

5

நானும் இத்தனை வருஷம் பின்னால் மூட்டையை உட்கார வைத்துத்தான் எழுதியிருக்கிறேன். பயப்படாத, எதையும் பிடிக்காத, நான் போகிற பக்கமெல்லாம் பேசாமல் வருகிற வாசகர். கதை நன்றாகத்தான் பறந்தது.

இனி முடிவு. சனிக்கிழமை மூன்று எழுதிப் பார்த்தேன். ஒன்றில் இசைவாணி மேலிருந்து மயிலம் மலையைப் பார்க்கிறாள். ஒன்றில் மூட்டையை அவித்துத் தின்றுவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போகிறார்கள். மூன்றாவது—

போன் அடித்தது. இசைவாணி.

"சார், நாளைக்குச் சங்கவிக்கு முன்னாடி நான்தான் ஏறப்போறேன். ஆனா எனுக்குக் கம்பி எங்க இருக்குன்னு தெரியும். அது தெரியாத ஆளு ஒண்ணப் பின்னாடி குந்த வச்சித் தரையிலயே ஒரு வாட்டி ஓட்டணும், கை தானா கம்பிக்குப் போவுதான்னு பாக்கணும். நீங்க வர்றீங்களா?"

"நான்தான் கம்பியைப் பற்றி எழுதியே விட்டேனே, அம்மா," என்றேன்.

"அப்போ படிக்காத ஆளாப் பாத்து அனுப்புங்க."

அப்படி யாரும் இப்போது என்னிடம் இல்லை. நீங்களும் இங்கே வரை படித்துவிட்டீர்கள். இருந்தாலும் ஏறிக்கொள்ளுங்கள், உங்கள் எடை பொருட்டில்லை, பெல்ட் மட்டும் சரியாக இருக்கட்டும். சேரன் முடுக்குகிறான். வலப்பக்கம் இசைவாணி உங்கள் கையையே பார்த்துக்கொண்டு கூடவே ஓடி வருகிறாள். அதோ, வரப்பு.