கரைகிற வரைக்கும் காவல்

வேலை செய்யும் இடத்தில் அவனுக்குக் ‘கல்லு’ என்று பெயர். லிஃப்ட் மெக்கானிக். பாதி வழியில் லிஃப்ட் நின்று, உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்துபோகும் நேரத்தில், இவன் மேலே மோட்டார் அறையில் பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி அவர்களைக் கீழே இறக்குவான். வெளியே வந்தவர்கள் இவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். “ஓரமா நில்லுங்க, கதவ மூடணும்” என்பான் இவன். இப்படிப்பட்ட ஆளுக்கு, உடன் வேலை செய்கிறவர்கள் அந்தப் பெயரை வைக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

பிறக்கும்போதே கல்லாகப் பிறந்துவிடவில்லை. மனைவி படுக்கையில் கிடந்த காலத்தில் மாதா கோயிலே கதி என்று முழங்கால் தேயக் கிடந்தவன்தான். அவள் போய்ச் சேர்ந்தாள். அடக்கம் முடிந்து அடுத்த ஞாயிறு பூசைக்குப் போனான், வரிசையில் நின்றான், நற்கருணை அப்பத்தை நாக்கில் வாங்கினான். நாக்கில் யாரோ காகிதத் துண்டை வைத்ததுபோல் இருந்தது. கோபம் வந்திருந்தாலாவது ஆண்டவரோடு ஒரு சண்டை போட்டிருக்கலாம். கோபமும் இல்லை, துக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அன்றோடு கோயில் பக்கம் தலைவைத்துப் படுப்பதை விட்டுவிட்டான்.

அம்மா அப்படி இல்லை. மழையோ காய்ச்சலோ, பூசைக்குப் போகாமல் அவளுக்கு ஞாயிறு விடியாது. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டபின் கோயில் அவளைத் தேடி வந்தது. கோயில் பங்கில் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகிற பொறுப்பு ஒரு கணக்கு டீச்சருடையது. பணி ஓய்வு பெற்ற பிறகும் மனிதர்களைப் பார்த்தாலே ‘வீட்டுப்பாடம் எங்கே’ என்று கேட்கிற முகம். ஞாயிறுதோறும் பூசை முடிந்த கையோடு, கழுத்தில் தொங்கும் சிறு பையில் நற்கருணைச் சிமிழோடு வருவார். அவர் வருவதற்குள் இவன் சின்ன மேசையில் வெள்ளைத் துணி விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, ஒரு தம்ளரில் தண்ணீரும் வைத்துவிடுவான். அதில் ஒரு குறை சொல்ல முடியாது. டீச்சர் சிலுவை போட ஆரம்பித்ததும் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். பந்தல் போட்டு, பாய் விரித்து, மாப்பிள்ளை மட்டும் ஓடிப்போன கல்யாண வீடு மாதிரி இருக்கும்.

இரண்டாவது முறை வாதம் அடித்தபின் அம்மாவுக்கு வார்த்தைகள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன. வந்ததில் பாதியை ஒரே விஷயத்துக்குச் செலவு செய்தாள். நற்கருணையை அவள் ‘நன்மை’ என்றுதான் சொல்வாள்.

“ஒரே ஒரு தடவ. என் பக்கத்துல... உக்காந்து... நன்மை வாங்குடா.”

“எனக்கு ஒண்ணும் தோணலையேம்மா. ஒண்ணும் தோணாம வாங்குனா அது பொய்தானே?”

சாக்கு என்று நினைத்துவிடக் கூடாது. அவன் தொழிலில் சிலர் உண்டு. மோட்டார் அறையைத் திறந்துகூடப் பார்க்காமல், கீழே நின்றபடியே சர்வீஸ் அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவர்கள். அவர்களைக் கண்டால் அவனுக்கு ஆகவே ஆகாது. உள்ளே ஒன்றும் இல்லாமல் வாயால் மட்டும் ‘ஆமென்’ சொல்வதும் அதே திருட்டுக் கையெழுத்துதான் என்பது அவன் கட்சி. அம்மா வாதாட மாட்டாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். அடுத்த சனிக்கிழமை மறுபடி கேட்பாள். அவனும் அதே பதிலைச் சொல்லித் தட்டிக்கழிப்பான். அவள் ஆசைப்பட்டுக் கேட்டது உலகத்தில் அது ஒன்றுதான் என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை.

அந்த ஞாயிறு அவன் பால்கனியில் நின்றிருந்தபோது உள்ளே இருமல் கேட்டது. சாதாரண இருமல் இல்லை. ஓடி வந்து பார்த்தால், அம்மா முகம் சிவந்து, கண் பிதுங்கி மூச்சுக்குத் திணறுகிறாள். டீச்சர் தண்ணீர் புகட்டிய ஸ்பூனோடு பதறிக்கொண்டிருக்கிறார். அம்மாவை முன்னால் சாய்த்து, ஒரு கையை வாயடியில் வைத்து, மறுகையால் முதுகில் தட்டினான். இரண்டு மூன்று தட்டில் இருமல் அடங்கியது. உள்ளங்கையில் எச்சிலோடு நற்கருணை வந்து விழுந்தது.

கையை உதறவில்லை அவன், துடைக்கவும் இல்லை. அப்படியே ஏந்தியபடி நின்றான்.

“டீச்சர்,” என்றான். “இத என்ன செய்யறது?”

பாடம் என்று வந்ததும் டீச்சருக்குப் பதற்றம் நின்றுவிட்டது. மேசைமேல் இருந்த தண்ணீர்த் தம்ளரை நீட்டினார். “இதுல போடுங்க தம்பி. கையையும் அந்தத் தண்ணியிலயே கழுவுங்க. தண்ணியில ஊறி முழுசா கரையணும். அப்பத்தின் உருவம் இருக்குற வரைக்கும் ஆண்டவரு அதுல இருக்காரு. கரைஞ்சப்புறம் மனுசங்க கால்படாத மண்ணுல ஊத்திடுங்க. சாக்கடையில மட்டும் போகக் கூடாது.”

“நீங்க எடுத்துட்டுப் போங்களேன்.”

“ஸ்கூட்டர்ல தம்ளரைத் தூக்கிட்டுப் போய் வழியில சிந்தவா? இன்னும் நாலு வீடு இருக்கு.” மூடுவதற்கு ஒரு தட்டை எடுத்து வைத்தார். “பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். யாரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் என்பது அவர் போன பிறகுதான் இவனுக்கு உறைத்தது.

தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நம்ம ஆள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். சமையலறையில் வைக்கலாம் என்றால் பக்கத்தில் பாத்திரம் கழுவுகிற தொட்டி. ஃபிரிட்ஜ் மேல் வைத்தால் அது அதிரும். அம்மாவின் கட்டிலோரத்தில் ஏற்கெனவே ஒரு தம்ளர் இருக்கிறது, பல்செட் ஊறுவதற்கு. அங்கே வைக்க மனம் ஒப்பவில்லை. கடைசியில் அலமாரியின் மேல்தட்டைக் காலி செய்து, துடைத்து, வெள்ளைத் துணியை மடித்துப் போட்டு அதன்மேல் வைத்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் மேட்ச் பார்ப்பது அவன் வழக்கம். ரிமோட்டை எடுத்தான், அலமாரியைப் பார்த்தான், ரிமோட்டைக் கீழே வைத்தான். சட்டை இல்லாமல் உட்கார்ந்திருந்தவன் எழுந்து போய்ச் சட்டை போட்டுக்கொண்டான். பக்தி பொங்கியதா என்றால் ஒரு சொட்டும் இல்லை. யாரோ பெரிய மனிதர் வீட்டுக்கு வந்து பேசாமல் உட்கார்ந்திருக்கும்போது என்ன செய்வது என்று தெரியாமல் இருக்குமே, அவ்வளவுதான்.

சாயங்காலம் அக்கா வந்தாள். ஞாயிறு வந்தால் அம்மாவுக்கு உடம்பு துடைத்து, தலை வாரி, தம்பியை நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போவது அவள் கணக்கு. வந்ததும் வீட்டை ஒதுக்க ஆரம்பித்துவிடுவாள். அவன் அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்துக்கொண்டிருந்தபோது அடுப்படிப் பக்கம் அவள் குரல் கேட்டது.

“மாத்திரைய தண்ணியில போட்டா ஒழுங்கா குடுக்க மாட்டியாடா? பாதி கரைஞ்சு கெடக்கு.”

திரும்பினான். அலமாரியின் மேல்தட்டில் துணி மட்டும் இருந்தது. அக்கா தொட்டிக்கு மேல் தம்ளரைச் சாய்க்கப் போகிறாள்.

“ஊத்தாத!”

அந்த வீட்டில் அப்படி ஒரு குரல் எழும்பி வருஷக்கணக்காகிவிட்டது. அக்கா சிலையாக நின்றாள். அம்மா தலையைத் திருப்பினாள். அவன் பாய்ந்து போய் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து, தம்ளரை இரண்டு கையாலும் வாங்கினான். ஒரு சொட்டு அவன் விரலில் வழிந்திருந்தது. அதைத் தொட்டியில் விழவிடாமல் தம்ளருக்குள்ளேயே வழித்துவிட்டான்.

அக்காவுக்கு விஷயத்தைச் சொல்லி முடித்தபோது அவளும் அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டாள். ஆனால் அவள் வாய் சும்மா இருக்குமா?

“நீதான் ஒண்ணும் தோணல, ஒண்ணும் இல்லன்னு கோயிலுக்கே போறதில்லையே. ஒண்ணுமில்லாத தண்ணிக்கு எதுக்குடா இந்தக் காவல்?”

அவன் தம்ளரை மறுபடி அலமாரியில் வைத்துவிட்டு, அதற்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான்.

மறுநாள் காலை, நற்கருணை முழுவதும் கரைந்து, தண்ணீர் வெறும் கலங்கலாக நின்றபோது கீழே இறங்கிப் போனான். கார்கள் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால், மதிலோரம், யாரும் போகாத ஒரு மரத்தடி. கொஞ்சம் மண்ணைத் தோண்டி ஊற்றினான். ஏதாவது தோன்றும் என்று நின்று பார்த்தான். மண் தண்ணீரைக் குடித்தது. வேறொன்றும் நடக்கவில்லை. மேலே வந்து வேலைக்குப் போனான்.

அதே வாரம் டாக்டர் அம்மாவைப் பார்த்துவிட்டு, இனிமேல் வாய்வழியாக எதுவும் கூடாது, எல்லாம் நுரையீரலுக்குள் போகும் என்று சொல்லி மூக்கில் குழாய் போட்டுவிட்டார். தண்ணீர்கூடக் குழாயில்தான். அக்கா பால் எவ்வளவு, மருந்து எப்போது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா அவனைப் பார்த்தாள். அவனுக்குப் புரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து வாங்கச் சொன்னாளே, இனி அவளோடு சேர்ந்து வாங்குவது நடக்காது. தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு அவன்தான் அதைக் கெடுத்தான். இதற்காவது அழுகை வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை. தப்பு செய்துவிட்டோம் என்பது மட்டும், கணக்குக்கு விடை வந்ததுபோல், தெளிவாகத் தெரிந்தது.

சனிக்கிழமை கோயிலுக்குப் போனான். பங்குச் சாமியாருக்குக் கடும் ஜலதோஷம். பாவமன்னிப்புக் கேட்கிற கூண்டில் சன்னலுக்கு அந்தப் பக்கம் தும்மிக்கொண்டே இருந்தார். மேலதிகாரியிடம் பழுதுகளை ஒப்பிப்பதுபோல் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னான். பூசையை விட்டது, செபத்தை விட்டது, அம்மா கேட்டதைத் தட்டிக்கழித்தது.

“செஞ்சதுக்கு வருந்தி மனஸ்தாபப்படுறீங்களா?” என்றார் சாமியார்.

“வலிக்கணும்னு தெரியுது சாமி. வலிக்கல.”

அந்தப் பக்கம் மூக்கைச் சிந்தும் சத்தம். “பின்ன எதுக்கு வந்தீங்க?”

“வரலன்னா தப்புன்னு தோணுச்சு. வேற ஒண்ணும் தோணல. இப்படி வரக் கூடாதுன்னா போயிடறேன்.”

“உக்காருங்க, உக்காருங்க. அழுதுட்டு வந்தாத்தான் கணக்குல எடுத்துக்குவேன்னு யாரு சொன்னா? செஞ்சது தப்பு, இனி செய்ய மாட்டேன்னு மனசார சொல்ல முடியுமா?”

யோசித்தான். இதில் கையெழுத்துப் போடலாம் என்று பட்டது. “முடியும்” என்றான். சாமியார் மன்னிப்பு மந்திரத்தைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை தும்மினார்.

ஞாயிறு வந்தது. மேசையில் துணி, மெழுகுவர்த்தி, எல்லாம் வழக்கம்போல். டீச்சர் சிலுவை போட்டபோது அவன் பால்கனிக்குப் போகாமல் கட்டிலோரம் மண்டியிட்டான். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அம்மாவின் நெற்றியில் மட்டும் சிலுவை வரைந்தார். பிறகு சிமிழைத் திறந்து அவன் பக்கம் திரும்பினார். “கிறிஸ்துவின் திருவுடல்.”

“ஆமென்.”

அம்மா இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் விழுங்கினான். தலை குனிந்து இருந்தான். காத்திருந்தான். மறுபடியும் அதே காகிதம்தான். எழுந்தபோது அம்மா விரலை அசைத்துக் கூப்பிட்டாள்.

“எப்படி... இருந்துச்சு?”

சந்தோஷமா இருந்துச்சும்மா என்று சொல்லியிருக்கலாம். குழாயோடு கிடக்கும் கிழவியிடம் அப்படி ஒரு பொய் சொன்னால் எந்த ஆண்டவரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. அவனுக்கு வரவில்லை.

“ஒண்ணும் தெரியலம்மா. மன்னிச்சுக்க.”

அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பவில்லை.

“எனக்கும்... அப்படித்தான்.”

வாதம் வந்த பிறகு எல்லாமே மரத்துப்போயிருக்கும் என்று நினைத்தான். “எப்போலேருந்து?”

“எப்பவும்.” மூச்சு வாங்கினாள். “சின்னப் புள்ளையில... புதுநன்மை அன்னைக்கு... ஏதோ இருந்துச்சு. அப்புறம்... ஒண்ணுமே இல்ல.”

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காய்ச்சலோடு போனவள், மழையில் நனைந்துகொண்டு போனவள், மருமகளின் அடக்கத்தன்று முதல் ஆளாகப் போய் முழங்காலில் நின்றவள். அப்போதெல்லாம் இவளுக்கும் ஒன்றும் இல்லையா?

“அப்புறம் ஏம்மா அப்படி ஓடி ஓடிப் போன?”

அம்மா ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்தாள்.

“அவரு வர்றாருல்ல. நான் போகலன்னா... தனியா நிப்பாரு.”

அவன் அவள் முகத்தையே பார்த்தான். இவ்வளவு காலமும் அந்த ஒன்றுமில்லாத இடத்தில் அவள் யாரிடமும் சொல்லாமல் உட்கார்ந்திருந்திருக்கிறாள். பக்கத்தில் வந்து உட்கார் என்றுதான் அவனிடம் கேட்டாள். தோன்ற வேண்டும் என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை. தோன்றினால்தான் வருவேன் என்று அவன் பால்கனியில் நின்றான்.

நெஞ்சுக்குள் எங்கோ வலித்தது. பெரிதாக ஒன்றும் இல்லை. மரத்த காலில் முதலில் சுருக்கென்று குத்துமே, அந்த அளவு. டீச்சர் அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். வாசல் வரைக்கும் போய்க் கதவைத் திறந்துவிடுவது அவன் வழக்கம். அன்று அவன் எழுந்திருக்கவில்லை. நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டு, அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தான்.