காம்பாக்ட்லி

முப்பதாவது குடுவையை வைத்து அமுக்கியதும் பெட்டிக்குள் நறுக்கென்று சத்தம். சரசம்மா வெடுக்கென்று கையை எடுத்தாள். காலையிலிருந்து இது நாலாவது. ஓசூரில் ஒரு கண்ணாடி கம்பெனியின் பேக்கிங் பிரிவுக்கு, பாகலூரிலிருந்து அவள் வரத் தொடங்கி இரண்டு வருஷம்தான் ஆகிறது. இதுவரை பெட்டிக்கு இருபத்து நாலு குடுவைதான். 2005 மே மாதத்தில், குடுவை வாங்கும் வெளிநாட்டுக்காரன் புதிதாக ஒரு தாள் அனுப்பியிருந்தான்: அதே பெட்டி, முப்பது குடுவை, ‘பேக் காம்பாக்ட்லி’. சாயந்திரத்துக்குள் ஒரு பெட்டியாவது உடையாமல் நிற்காவிட்டால் ஆர்டர் கைவிட்டுப் போகும். கான்ட்ராக்டில் இருக்கும் பதினெட்டுப் பெண்களும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

“காம்பாக்ட்னா நெருக்கமா. நல்லா நெருக்கி அமுக்குங்கம்மா,” என்று சூப்பர்வைசர் அண்ணாதுரை காலையிலிருந்து தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருந்தார்.

பக்கத்து மேசையில் பேகம் தாளை எடுத்துப் பார்த்தாள். கிருஷ்ணகிரியில் பிளஸ் டூ வரைக்கும் படித்தவள்.

“சரசக்கா, இது வெறும் காம்பாக்ட் இல்ல. கடைசில லி போட்டிருக்குது.”

“லி போட்டா என்னாடி?”

“பெட்டி எப்படி இருக்குதுன்னு சொல்லலக்கா. நாம எப்படி அடுக்கணும்னு சொல்றாங்க. எடத்த வீணாக்காம அடுக்கணுமாம். அமுக்கச் சொல்லவே இல்ல.”

சரசம்மா பெட்டியைக் காலி செய்தாள். குடுவைக்கு அடி அகலம், கழுத்து ஒல்லி. எல்லாவற்றையும் நிமிர்த்தி வைத்தால் கீழே இடித்துக்கொள்கிறது, மேலே சும்மா கிடக்கிறது. ஒன்றை நிமிர்த்தி, அடுத்ததைக் கவிழ்த்து, இடையில் தாளைச் செருகினாள். ஒன்றின் கழுத்து மற்றதன் வயிற்றோரம் ஒட்டிக்கொண்டது. முப்பதாவது தானாக இறங்கியது. மூடி அமுக்காமலே மூடியது.

“கவுத்து வெக்கச் சொன்னது யாரு?” என்றார் அண்ணாதுரை.

“யாரும் சொல்லல சார். நீங்களே போட்டுப் பாருங்க.”

பெட்டியை இடுப்புயரத்திலிருந்து கீழே போடுவதுதான் சோதனை. அவருக்குக் கை வரவில்லை. சரசம்மாவே தூக்கினாள். விட்டாள்.

அண்ணாதுரை மண்டியிட்டுப் பிரித்தார். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. முப்பதாவதை வைத்தவர் சிரித்துவிட்டார். “அடக் கழுத! நான் காலைலேர்ந்து அமுக்குன்னுல்ல கத்துனேன்!” பேகம் சரசம்மாவின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

மூன்றாம் நாள் மதியம் வழக்கமான அளவு குடுவைகளை லாரியில் ஏற்றி முடித்தார்கள். வழக்கமாகக் கதவை முட்டிக்கொண்டு நிற்கும் பெட்டிகள் இந்தமுறை எண்ணிக்கை குறைந்து ஒரு முழம் உள்ளேயே நின்றுவிட்டன. டிரைவர் அந்த இடத்தை எட்டிப் பார்த்தான், தலையைச் சொறிந்தான், பிறகு கிருஷ்ணகிரியில் இறக்கவேண்டிய இரண்டு காலி மாம்பழக் கூடைகளை, ஒன்றை நிமிர்த்தியும் ஒன்றைக் கவிழ்த்தும், அங்கே செருகினான்.