பெயருக்குப் பின்னால் ஐந்து எழுத்து

பரீட்சையில் தேறிய செய்தி வந்த மூன்றாம் நாள், பானுமதியின் மேசையில் ஒரு பெட்டி விசிட்டிங் கார்டு இருந்தது. அவள் பெயர், ஒரு காற்புள்ளி, அதையடுத்து ஐந்து ஆங்கில எழுத்துகள்.

அவள் அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு முதலாளி ஜகந்நாதனின் அறைக்குப் போனாள்.

"சார், இதை இப்போ போடக் கூடாது சார்."

"ஏன்? பாஸ் பண்ணியாச்சோல்லியோ?"

"பாஸ் பண்ணினா மட்டும் போதாது சார். அஞ்சு வருஷ வேலை அனுபவம் வேணும். எனக்குப் பதினோரு மாசம் குறையுது. அது முடிஞ்சு விண்ணப்பம் போட்டு, அவங்க லெட்டர் அனுப்பின பிறகுதான் பேருக்குப் பின்னால போடலாம். முன்னாடியே போட்டா பரீட்சையையே ரத்து பண்ணிடுவாங்க. திரும்ப எழுதவும் விட மாட்டாங்க."

"யார் பார்க்கப் போறா?" என்றார் ஜகந்நாதன். குரலில் கோபம் இல்லை. "கௌசிக் பூனாவுக்குப் போயிட்டான். முலுண்ட் பேங்க்காரா சர்டிபிகேட் உள்ளவா ரெண்டு பேர் வேணும்கறா. நான் ஒருத்தன். நீ ஒருத்தி. பதினோரு மாசம் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ளே ஓடிடும்."

குர்லாவில், கீழ்த்தளம் முழுக்க லேத் பட்டறைகள் இருந்த கட்டிடத்தின் மூன்றாவது மாடியில் அந்த ஆபீஸ். வங்கிகளின் கம்ப்யூட்டர்களில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று சோதித்து அறிக்கை கொடுப்பது வேலை. மொத்தம் ஒன்பது பேர். இந்த வேலைக்கு ஓர் அமெரிக்க நிறுவனம் பரீட்சை வைத்துக் கொடுக்கும் சான்றிதழின் பெயர்தான் அந்த ஐந்து எழுத்து. விண்ணப்பத்தோடு, ஏற்கெனவே அந்தச் சான்றிதழ் வைத்திருக்கும் ஒருவர் 'இவர் அனுபவம் உண்மை' என்று கையெழுத்திட வேண்டும். பானுமதிக்குத் தெரிந்து அப்படி இரண்டே பேர். கௌசிக் சண்டை போட்டுக்கொண்டு போனவன். இந்த ஆபீஸிலிருந்து யார் கூப்பிட்டாலும் போனை எடுப்பதில்லை. இன்னொருவர் ஜகந்நாதன்.

எழுத்துகளைப் போட்டுக்கொண்டால் சான்றிதழ் போய்விடும். போட மாட்டேன் என்றால் கையெழுத்து கிடைக்காது. அவள் பெட்டியை மேசை இழுப்பறைக்குள் தள்ளினாள். ஆனால் மெயிலை அப்படித் தள்ள முடியவில்லை. ஒவ்வொரு மெயிலின் அடியிலும் அவள் பெயரோடு தானாக வந்த எழுத்துகளை அவள் அழித்துவிட்டு அனுப்புவாள். போய்ச் சேரும்போது சர்வர் மறுபடி சேர்த்திருக்கும். அதை மாற்றும் உரிமை ஜகந்நாதனின் கணக்குக்கு மட்டும்தான்.

அன்று தாராவி லேபர் கேம்ப் குடியிருப்பில் இருந்த வீட்டில், சோறு போட்டபடியே கணவன் மாரிக்கண்ணனிடம் சொன்னாள். அவன் அங்கேயே தோல் பை தைப்பவன்.

"நெசமாவே பாசாயிட்டல்லா? பெறவு என்னட்டி?"

"பாசானது வேற, இது வேறங்க."

"அவருதான போட்டாரு. கேட்டா அவரு பேரச் சொல்லு."

"பேரு என்னுதுல்லா கெடக்கு அதுல" என்றாள் பானுமதி. அவன் குழம்புச் சட்டியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.

நாற்பது நாள் இப்படிப் போயிற்று. முலுண்டுக்கு லோக்கல் ரயிலில் போவாள், சோதிப்பாள், அறிக்கை அனுப்புவாள். வங்கியில் எல்லோரும் அவளைக் கூடுதல் மரியாதையோடு நடத்தினார்கள். ஆபீஸ் மெயில் திறந்தாலே முதலில் கண் போவது, பரீட்சையை ரத்து செய்து அந்த அமெரிக்க நிறுவனத்திடமிருந்து எதுவும் வந்திருக்கிறதா என்றுதான்.

வந்தது ஒரு போன். வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கும் நஸீரா, செம்பூர்க்காரி.

"பானு, ஆடிட் ஃபைல்ல உங்க சர்டிபிகேட் நம்பர் எழுதணும். சர்டிபிகேட் குடுக்கறவங்க ரிஜிஸ்டர்ல தேடுறேன், உங்க பேரே வரலியே. ஸ்பெல்லிங் வேறயா?"

பெயரை வேறு மாதிரி எழுதியிருக்கிறது, பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த வாக்கியம் வாய் வரை வந்தது.

"ஸ்பெல்லிங் சரிதான்" என்றாள். "எனக்கு இன்னும் வரல. பரீட்சை மட்டும் பாஸ். அந்த எழுத்து என் பேருக்குப் பின்னால இருக்கக் கூடாது."

மறுமுனையில் ஃபைலை மூடும் சத்தம் கேட்டது.

"எழுதிக் குடுக்க முடியுமா?"

"இப்பவே."

எழுதினாள். ஜகந்நாதனுக்கும் ஒரு பிரதி போட்டாள். அனுப்பிய மெயிலைத் திறந்து பார்த்தபோது, 'எனக்கு இன்னும் சான்றிதழ் இல்லை' என்ற வரிக்குக் கீழே அவள் பெயரும் காற்புள்ளியும் ஐந்து எழுத்துகளும் இருந்தன.

ஜகந்நாதன் கத்தவில்லை. வங்கி வேலை கைவிட்டுப் போயிற்று. மறுநாள் மெயிலிலிருந்து எழுத்துகளை அவரே எடுத்தார். "என்னண்டை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார்.

"முதல் நாளே சொன்னேனே சார்."

அவர் அதன் பிறகு வெளிவேலைக்கு அவளை அனுப்பவில்லை. மற்றவர்களின் அறிக்கைகளில் எழுத்துப்பிழை பார்க்கும் வேலை கொடுத்தார். வேறு இடம் தேடினாள். சான்றிதழ் இருக்கிறதா என்றார்கள், அல்லது பழைய ஆபீஸில் விசாரிப்போம் என்றார்கள். நஸீராவிடமும் அந்தச் சான்றிதழ் உண்டு என்று தெரிந்தபோது போன் செய்து கையெழுத்துக் கேட்டாள்.

"உங்க அஞ்சு வருஷத்துல நான் பார்த்தது ரெண்டு மாசம்கூட இல்ல பானு" என்றாள் நஸீரா. "பார்க்காததை எப்படி எழுதுவேன்? நீங்களே சொல்லுங்க."

"நீங்க சொல்றது சரிதான்" என்று பானுமதி போனை வைத்தாள்.

பதினோரு மாதம் முடிந்த வாரம், விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு மாட்டுங்காவில் ஜகந்நாதனின் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி ஷ்யாமளா காபி கொடுத்து உட்காரச் சொன்னார். ஜகந்நாதன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை வரி வரியாகப் படித்தார்.

"எல்லாம் வாஸ்தவம்தான். நீ நன்னா வேலை பார்த்திருக்கே. நான் கையெழுத்துப் போடறேன்." உள்ளே போய் இன்னொரு தாளைக் கொண்டுவந்தார். ஏற்கெனவே டைப் செய்து வைத்திருந்தது. "இதுல நீ போடு. மூணு வருஷம் வேறெங்கயும் போக மாட்டேன்னு. கௌசிக் பண்ணின மாதிரி நீயும் பண்ணிட்டா நான் என்ன செய்வேன்?"

பானுமதி இரண்டு தாள்களையும் பார்த்தாள். காபி ஆறிக்கொண்டிருந்தது. "குடிம்மா" என்றார் ஷ்யாமளா.

அவள் கையெழுத்துப் போட்டாள். பிறகு அவர் போட்டார்.

ஆறு வாரத்தில் அமெரிக்காவிலிருந்து கடிதம் வந்தது. இனிமேல் பெயருக்குப் பின்னால் அந்த எழுத்துகளைப் பயன்படுத்தலாம் என்று வாழ்த்தியிருந்தார்கள். மாரிக்கண்ணன் கடிதத்தை வாங்கித் தலைகீழாகவும் நேராகவும் திருப்பிப் பார்த்தான்.

"இனி யாரும் ஒன்ன ஒண்ணுஞ் சொல்ல முடியாதுல்லா?"

"முடியாது" என்றாள். மணி எட்டேகால் ஆகியிருந்தது. சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு குர்லா ஆபீஸுக்குக் கிளம்பினாள்.