ஏழாம் போர்ட்

ஷெர்வின் வந்து நாலே மாதம். திருமுடிவாக்கத்தில் இருக்கும் இந்தக் கம்பெனியின் நெட்வொர்க்கை ஆறு வருஷமாகக் கட்டிக்கொண்டு அழுவது நான். ஆனால் முதலாளி வேதாசலம் சார் வாயைத் திறந்தால், "ஷெர்வினைக் கூப்பிடு" என்பார். புது யூனிட்டுக்கு ஐ.டி. மேனேஜர் வேண்டுமாம். நியாயமாக எனக்கு வர வேண்டிய வேலை. திங்கட்கிழமை வெளிநாட்டு கஸ்டமரோடு வீடியோ கால். அதில் யார் நன்றாகப் பேசுகிறாரோ அவருக்குத்தான் என்று சொல்லிவிட்டார். ஷெர்வின் இங்கிலீஷில் வெளுத்து வாங்குவான். எனக்கு வயிறு எரிந்தது.

ஆபீஸ் கம்ப்யூட்டர் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் சுவிட்ச் என் பொறுப்பு. பொங்கல் நேரத்தில் பெருங்களத்தூர் போலீஸ்காரர் பஸ்ஸைப் போகவிட்டு பைக்கை நிறுத்துவாரே, அதே வேலைதான் அதற்கும். எது முதலில் போகணும், எது காத்திருக்கணும் என்று அதில் எழுதி வைக்கலாம். லைனில் நெரிசல் வந்தால் ஏழாம் போர்ட் கடைசியில்தான் போகணும் என்று எழுதினேன். அந்த ஏழாவது ஓட்டையில் சொருகியிருந்தது ஷெர்வினின் கேபிள். எனக்கே கேவலமாக இருந்தது. ஆனாலும் அழிக்கவில்லை.

இடையில் ஆயுத பூஜை. பொரி, பழம் வாங்க நான் பல்லாவரம் போயிருந்தேன். திரும்பி வந்தபோது சுவிட்ச் பளபளவென்று, சந்தனம் குங்குமத்தோடு இருந்தது.

திங்கட்கிழமை அவரவர் சீட்டிலிருந்தே வீடியோ காலில் சேர்ந்தோம். டிசைன் பிரிவு டிராயிங்குகளை அனுப்பத் தொடங்கியதும் லைன் நிரம்பியது. ஷெர்வின் குரல் இப்போது திக்கும், இப்போது திக்கும் என்று காத்திருந்தேன். ஒரு எழுத்துகூடத் தேயவில்லை. கடைசியில் அவன், "இந்த நெட்வொர்க் முழுக்க சத்யபிரியா அக்கா போட்டது. மீதியை அவங்களே சொல்லட்டும்" என்றான்.

நான் பேசினேன்.

"உன் வாய்ஸ் விட்டு விட்டு வருதும்மா" என்றார் சார். மறுபடி பேசினேன். கஸ்டமர் காதைத் தொட்டுக் காட்டி, கேட்கவில்லை என்று தலையாட்டினார்.

"ஷெர்வின், நீயே முடிச்சிடுப்பா."

சுவிட்ச் இருந்த அறைக்கு ஓடினேன். ஏழாம் போர்ட்டில் என் கேபிள்! அங்கே பெருக்கிக்கொண்டிருந்த எல்லம்மா அக்காவிடம், "கேபிளைக் கழட்டினீங்களா?" என்று கேட்டேன்.

"ஆமாம்மா, பூஜைக்கு எல்லாத்தையும் உருவித் தொடச்சேன். அப்பால எந்த ஓட்டை காலியா கீதோ அதுல சொருகினேன். இன்னா, தப்பா?"

பதில் சொல்வதற்குள் ஷெர்வின் லேப்டாப்போடு வந்து நின்றான். சுவிட்சில் நான் எழுதியது திரையில் தெரிந்தது. தேதியோடு என் பெயரும் இருந்தது.

"பூஜைல கேபிள் மாறிடுச்சு போலக்கா. இந்த ரூலை எடுத்துட்டேன். சார்கிட்ட கேபிள் ப்ராப்ளம்னு மட்டும் சொன்னேன்."

ஏன் ஏழாம் போர்ட் என்று அவன் கேட்கவேயில்லை.

சாயங்காலம் மேனேஜர் வேலை அவனுக்கென்று சார் சொன்னார். எழுந்து போய்க் கை கொடுத்தேன். மனதில் நன்றியாவது வந்திருக்கலாம். இந்தப் பெரிய மனசும் அவனுக்கே வாய்க்கணுமா என்று, அதற்கும் சேர்த்துத்தான் பொறாமைப்பட்டேன்.