ஆறாவது மஞ்சள்

வெள்ளிக்கிழமை காலையில் கூண்டைத் திறந்தபோது ஒரு கினிப்பிக் செத்துக் கிடந்தது. அதன் தலையில் மஞ்சள் இருந்தது. என் கையிலிருந்த புல்லுக்கட்டு நழுவிக் கீழே விழுந்தது. செத்ததைப் பார்த்து நான் பதறவில்லை. செம்பூரில் அந்த ஊசிமருந்துக் கம்பெனிக்குக் கூண்டு கழுவ வந்து ஒன்றரை வருஷமாகிறது, எத்தனையோ பார்த்தாயிற்று. ஆனால் அந்த மஞ்சளை வைத்தது யார் என்று எனக்கே தெரியவில்லை. விஜியம்மா தீட்டிய சாயமா, நான் வைத்த மஞ்சளா?

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். குழந்தைகளுக்குத் தொண்டை அடைத்து மூச்சு நின்றுபோகும் நோய் ஒன்று இருக்கிறதே, அதற்கான மருந்தை அங்கே தயாரித்தார்கள். ஒவ்வொரு தடவை தயாரித்ததும் ஐந்து கினிப்பிக்குகளுக்கு அதை ஊசி போட்டு ஏழு நாள் பார்ப்பார்கள். ஐந்தும் பிழைத்தால் மருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும். ஒன்று செத்தாலும் அந்த மருந்து முழுக்கச் சாக்கடைக்கு. அதோடு முடியாது. ஏழாம் நாள் சாயங்காலம், பிழைத்தவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் அடைத்துக் குளோரோஃபார்ம் வைத்துவிடுவார்கள்.

"பாஸானாலும் சாவு, பெயிலானாலும் சாவுன்னா இது என்ன பரீட்சை அண்ணாச்சி?" என்று ஒருநாள் சொரிமுத்து அண்ணாச்சியிடம் கேட்டேன். கூண்டுப் பகுதிக்கு அவர்தான் மேஸ்திரி. தாராவியில் எங்கள் சந்துக்காரர், எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

"ஒனக்குக் கூண்டு களுவத்தான சம்பளம் தாரான்? கேள்வி கேக்கவா தாரான்?" என்றார்.

அந்த வாரம் கூண்டுகள் பாதி ரிப்பேருக்குப் போயிருந்தன. மருந்துக்குப் பொறுப்பான டாக்டர் பட்கருக்கு எப்போதும் அவசரம். நாற்பத்தொன்றாம் நம்பர் மருந்துக்கு ஐந்து, நாற்பத்திரண்டாம் நம்பருக்கு ஐந்து, ஆகப் பத்தையும் ஒரே பெரிய கூண்டில் போடச் சொல்லிவிட்டார். பத்தும் ஒரே வெள்ளை. அடையாளத்துக்காக, நாற்பத்தொன்றின் ஐந்து தலையிலும், டாக்டரிடம் வேலை பார்க்கும் விஜியம்மா பிரஷ்ஷால் மஞ்சள் சாயம் தீட்டினாள். பிக்ரிக் என்று அதற்குப் பெயர். சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. மற்ற ஐந்துக்கும் ஒன்றுமில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் தண்ணீர் வைக்கப் போனேன். ஐந்து மட்டும் கல்யாண வீட்டுக்குக் கிளம்பியதுபோல் மஞ்சள் தலையோடு ஓடின. மற்ற ஐந்தும் வெறும் நெற்றியோடு இருந்தன. மறுநாள் எல்லாவற்றுக்கும் தகரப் பெட்டிதான். எனக்கு மனசு கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் சாமிக்கு வெட்டும் கிடாவுக்குக்கூட மஞ்சள் தண்ணீர் தெளித்து, அது உடம்பைச் சிலிர்த்துச் சம்மதம் சொன்ன பிறகுதான் வெட்டுவார்கள். இங்கே யாரும் எதையும் கேட்பதில்லை.

கையோடு ஒரு பொட்டலம் மஞ்சள்தூள் கொண்டுபோயிருந்தேன். கூண்டுப் பக்கம் வெளிச்சாமான் எதுவும் வரக்கூடாது என்று சுவரில் போர்டு இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். கட்டைவிரலை நனைத்து மஞ்சளைத் தொட்டு, கைக்குக் கிடைத்த முதல் வெறும் தலையில் வைத்து, "பொறுத்துக்கோ தாயி" என்றேன். அதற்குள் அண்ணாச்சியின் செருப்புச் சத்தம் கேட்டது. பொட்டலத்தை மறைத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். ஐந்துக்கும் வைத்திருந்தால் இந்த வம்பே இல்லை. பத்துத் தலையும் மஞ்சளாக இருந்தால், யாரோ கை வைத்தது குருடனுக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

ராத்திரிக்குள் அது வைக்கோலில் உருண்டு புரண்டிருக்க வேண்டும். காலையில் சாயத்துக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

எட்டரை மணிக்கு விஜியம்மா வந்தாள். முழுப்பெயர் விஜயலக்ஷ்மி, மாட்டுங்காப் பெண். பி.எஸ்ஸி. படித்துவிட்டு வந்து எட்டு மாசம்தான் ஆகிறது. செத்ததைத் தூக்கித் தட்டில் வைத்தாள். பிறகு கூண்டைப் பார்த்து எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். முகம் வெளிறிவிட்டது.

"பேராச்சி, உயிரோட இருக்கறதுல எத்தனை மஞ்சள்? நீ எண்ணிச் சொல்லு."

"அஞ்சும்மா."

"செத்ததோட ஆறு. நான் அஞ்சுதானே வச்சேன்! சத்தியமா அஞ்சுதான்."

நான் குனிந்து கீழே சிதறிய புல்லைப் பொறுக்கினேன். சொன்னால் வேலை போய்விடும். வீட்டுக்காரருக்கு மில்லில் கை போய் ஒரு வருஷமாகிறது, வீட்டில் என் சம்பளம்தான் அடுப்பெரிக்கிறது. டாக்டரே ஏதாவது வழி கண்டுபிடிப்பார் என்று நம்பினேன். படித்த மனிதர் அல்லவா?

டாக்டர் வந்தார். வெளியே மழையில் லாரி நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து தீர்ந்துவிட்டதாம், காலையிலிருந்து மூன்று டெலிபோன். தட்டிலிருந்ததை ஒரு பார்வை பார்த்தார். மஞ்சள் தலை, அப்படியானால் நாற்பத்தொன்று. அதைக் கொட்டிவிட்டு நாற்பத்திரண்டை லாரியில் ஏற்றச் சொன்னார்.

விஜியம்மா ஆறு மஞ்சள் கணக்கைச் சொன்னாள். அவர் அவளை முறைத்தார். ஐந்துக்குப் பதில் ஆறுக்குச் சாயம் தீட்டியிருக்கிறாய், இதற்கு மெமோ வரும் என்றார். ஆறில் ஐந்து நாற்பத்தொன்றுதானே, அப்படியிருக்க செத்ததும் அதுவாகத்தான் இருக்கும் என்று பேனாவை எடுத்தார்.

ஆறில் ஒன்று. என் மூளையில் அது மட்டும்தான் நின்றது. போன மழைக்காலத்தில் என் மகள் கோமதிக்குத் தொண்டை அடைத்து, உதடு நீலம் பாய்ந்து, தாராவியிலிருந்து சயான் ஆஸ்பத்திரி வரைக்கும் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். அங்கே போட்டது இந்த ஊசிதான். அன்றைக்கு அந்தப் பாட்டிலுக்கு யாராவது இப்படி ஆறில் ஐந்து என்று கையெழுத்துப் போட்டிருந்தால்?

"சாப்" என்றேன். "ஹல்தி. மைனே லகாயா."

டாக்டருக்குப் புரியவில்லை. அண்ணாச்சிக்குப் புரிந்துவிட்டது.

"ஏட்டி, கூறு கெட்டவளே! வாய வச்சிக்கிட்டுச் சும்மா இரி" என்று பல்லைக் கடித்தார்.

"இருக்க மாட்டேன் அண்ணாச்சி. வெறுந்தலையா இருந்த ஒண்ணுக்கு நாந்தான் மஞ்ச வச்சேன். ஆறாவது மஞ்ச என்னது. விஜியம்மா மேல தப்பில்ல."

விஜியம்மா இங்கிலீஷில் சொல்லி முடித்ததும் டாக்டரின் முகம் கறுத்தது. கத்தினார். எதற்கு வைத்தாய், எதற்கு என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். அதைச் சொல்ல என்னிடம் இருந்த இந்தி போதவில்லை. எதற்கு வைத்தேன் என்பதில் இப்போது ஒன்றுமில்லை, எந்தத் தலையில் வைத்தேனோ அதுதான் செத்ததா என்பதுதான் கேள்வி என்று எனக்குப் பட்டது. லாரி மறுபடியும் ஹாரன் அடித்தது.

"எம்மா, சுண்ணாம்பு வேணும்" என்றேன் விஜியம்மாவிடம். "மஞ்சளுக்குச் சுண்ணாம்பு பட்டாச் செவந்துரும்லா? ஆரத்திக்குக் கரைப்போமே. ஒங்க சாயம் செவக்குமா?"

அவள் என்னையே பார்த்தாள். "செவக்காது" என்றாள் மெதுவாக. "பேராச்சி, செவக்காது!"

சுண்ணாம்புக்கு எங்கே போவது? நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். புகையிலை, வெற்றிலை கூடாது என்று அதே போர்டில் மூன்று பாஷையில் எழுதியிருந்தது. அண்ணாச்சி கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். கடைசியில் காக்கி டிராயருக்குள் கையை விட்டு, புகையிலையும் சுண்ணாம்பும் வைத்திருக்கும் சின்ன டப்பாவை எடுத்து டாக்டர் கண்ணெதிரிலேயே நீட்டினார்.

சுண்ணாம்பை ஒரு கிண்ணத்தில் கரைத்துப் பஞ்சை நனைத்தேன். செத்ததைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை. உயிரோடு இருந்ததில் ஒன்றை எடுத்துத் தலையில் ஒற்றினேன். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது, நான்காவது. ஐந்தாவதும் மாறவில்லை. ஒருவேளை பழைய மஞ்சள் என்பதால் சிவக்கவில்லையோ? ரேஷன் கடைச் சாமான், அதில் என்ன மண் கலந்திருந்ததோ? இல்லை, மஞ்சளே வைக்காமல் வைத்ததாக நினைத்துக்கொண்டேனோ?

தட்டிலிருந்ததன் தலையில் பஞ்சை வைத்தேன். எடுத்தபோது பஞ்சு சிவந்திருந்தது. அந்தச் சின்ன நெற்றியிலிருந்து காதுப் பக்கமாக ஆரத்தித் தண்ணீர் போலச் சிவப்பு வழிந்தது.

டாக்டர் பேனாவை மூடினார். செத்தது நாற்பத்திரண்டு. லாரியில் ஏற்றத் தூக்கிக்கொண்டு போன பெட்டிகளும் நாற்பத்திரண்டு. அண்ணாச்சி மழையில் ஓடிப்போய் நிறுத்தினார். சாக்கடைக்குப் போக இருந்த நாற்பத்தொன்று லாரியில் ஏறியது.

நான் சுவரோடு ஒட்டி நின்றேன். நாளையிலிருந்து வராதே என்றார் டாக்டர். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நான் வைத்தது தப்புதான், கால் பிடித்துச் சொல்கிறேன் தப்புதான். ஆனால் பத்தையும் ஒரே கூண்டில் போடச் சொன்னது நானா? அதைச் சொல்ல எனக்கு இந்தி வரவில்லை. விஜியம்மாவுக்கு இங்கிலீஷ் வந்தது. ரொம்ப நேரம் பேசினாள். அதில் கேஜ், கேஜ் என்று இரண்டு தடவை வந்தது மட்டும் எனக்குப் பிடிபட்டது. டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இனிமேல் ஒரு மருந்துக்கு ஒரு கூண்டு என்றார். என்னைப் பார்க்காமலே, இவள் கூண்டுப் பக்கம் வரக்கூடாது, பாட்டில் கழுவட்டும் என்றார்.

சாயங்காலம் பாட்டில் ஷெட்டில் குழாயடியில் உட்கார்ந்திருந்தேன். வேலை பிழைத்தது, குழந்தைகள் பிழைத்தன, அதற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முடியவில்லை. நடைக்கு அந்தப் பக்கமிருந்து குளோரோஃபார்ம் வாசனை வந்தது. பிழைத்து நின்ற ஒன்பதும் போய்க்கொண்டிருந்தன. கோமதிக்காகவும் ஒரு கூண்டில் ஐந்து இருந்திருக்கும், ஏழு நாள் புல் தின்றிருக்கும். அவற்றிடம் யார் என்ன சொல்லி அனுப்பினார்களோ. அழுதேன்.

விஜியம்மா வந்தாள். குழாயைத் திறந்து கையை நனைத்தாள். வலது கட்டைவிரல் மஞ்சளாக இருந்தது.

"சாயம் பட்டுட்டாம்மா?" என்றேன்.

"கணக்கெல்லாம் எழுதி, கையெழுத்தும் வாங்கிட்டேன் பேராச்சி. அதுக்கப்புறந்தான்" என்றாள். எதற்குப் பிறகு, என்ன என்று சொல்லவில்லை.

சோப்பை எடுத்துக் கொடுத்தேன். அவள் தேய்த்தாள். சுண்ணாம்பு பட்டதுபோலக் கட்டைவிரல் சிவந்தது.