சந்தா கேட்ட சக்கரம்

கட்டட வரைபடம் வரைவதையே தொழிலாகக் கொண்டிருந்த அவருக்கு, அன்று காலை கை ஒடிந்தது போலாயிற்று. கைக்கு ஒரு குறையும் இல்லை. கைக்குள்ளிருந்த மவுஸின் சக்கரத்தை எவ்வளவு உருட்டினாலும் திரையிலிருந்த மாடிப்படி பெரிதாகவும் இல்லை, சிறிதாகவும் இல்லை. அதற்குப் பதிலாக ஓர் அறிவிப்பு முளைத்தது: "இலவசக் காலம் முடிந்தது. சக்கரத்தைத் தொடர்ந்து பயன்படுத்த மாதச் சந்தா செலுத்தவும்."

மாலைக்குள் வரைபடம் வந்து சேராவிட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும் என்று இன்ஜினியர் முந்தின நாளே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சக்கரமில்லாமல் அதை முடிப்பதென்பது கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசியில் நூல் கோப்பதற்கு ஒப்பாகும்.

"உன் தம்பி கொடுத்த பரிசு வாடகை கேக்குது, வந்து பாரு!" என்று அவர் குரல் கொடுத்தார்.

மனைவி சமையலறையிலிருந்தே பதில் சொன்னாள். "அவன் ஆசையா வாங்கிக் கொடுத்தது. யார் எதைக் கொடுத்தாலும் உங்களுக்கு மோந்து பார்க்காம இருக்க முடியாதா?"

அவர் மோந்து பார்க்காததுதான் பிழையாயிற்று. கம்ப்யூட்டர் கடையில் விற்பனையாளனாக இருந்த மைத்துனன், ஆறு மாதங்களுக்கு முன் இந்த மவுஸைக் கொண்டுவந்து மாட்டிவிட்டு, பழைய மவுஸைத் தானே கழற்றினான். "இது எதுக்கு அத்தான் இடத்தை அடைச்சுக்கிட்டு? போற வழியில நானே குப்பையில போட்டுடறேன்" என்றான். நாற்காலிக் கால் ஏறி நைந்துபோன அதன் வயரில் நீல நிற டேப் சுற்றியிருந்தது. குப்பைக்குப் போகும் பொருளின் வயரை அவன் ஏன் அவ்வளவு பக்குவமாகச் சுருட்டினான்? அன்று எழாத கேள்வி இன்று அவரைக் குடைந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் புறப்பட்டார்.

கடையில் நிற்க இடமில்லை. கண்ணாடி அணிந்த டீச்சரம்மா ஒருவர் தம் மவுஸை மேசைமேல் தட்டிக்கொண்டிருந்தார்.

"காசு கொடுத்து வாங்கினதுக்கு மாசாமாசம் காசா? நாளைக்கு நாற்காலியும் உக்காரக் காசு கேக்குமா?"

"அப்டேட் எல்லாம் வருது மேடம்…" என்று மைத்துனன் இழுத்தான்.

"உருட்டற சக்கரத்துக்கு என்னப்பா அப்டேட்? நீதான் நல்லா உருட்டற!"

கூட்டம் சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. பில் போடும் கம்ப்யூட்டரின் பின்னாலிருந்து இறங்கி, மைத்துனனின் உள்ளங்கைக்கு அடியில் போய் மறைந்த வயரில் நீல நிறம் தெரிந்தது.

"மச்சான், அந்தக் கையைக் கொஞ்சம் எடு."

"அத்தான்! எப்ப வந்தீங்க? இது… இங்க கிடந்த பழசு."

"யாரோட பழசு?"

மைத்துனனுக்கு முகம் வெளுத்தது. "எங்க கடைக்குக் கொடுத்த மவுஸும் முந்தாநாள் நின்னு போச்சு அத்தான். வேற வழி?"

"முந்தாநாள் நிக்கப்போறது உனக்கு ஆறு மாசத்துக்கு முன்னாடியே எப்படித் தெரிஞ்சுது?"

"அப்ப இவனுக்கு எல்லாம் தெரியும்!" என்றார் டீச்சரம்மா. அவ்வளவுதான். பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி, ஆளாளுக்கு மவுஸைக் கொண்டுவந்து அவன் முன் குவித்தார்கள்.

மைத்துனன் குரலைத் தாழ்த்தினான். "முதல்ல சொந்தக்காரங்க தலையில கட்டுன்னு முதலாளிதான் சொன்னாரு. மாட்டேன்னா வேலை போயிடும் அத்தான்."

உண்மையாகவும் இருக்கலாம், நேரத்துக்கேற்ப நெய்த பொய்யாகவும் இருக்கலாம். அதை ஆராய அவருக்குப் பொழுதில்லை. வயரைப் பிடித்து இழுத்துக் கழற்றி, மவுஸைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு திரும்பினார்.

பழைய சக்கரம் ஒரு கேள்வியும் கேட்காமல் உருண்டது. மாடிப்படி முடிந்து, வரைபடம் இன்ஜினியரைப் போய்ச் சேர்ந்தபோது வெயில் இன்னும் சன்னலில் இருந்தது. "வந்துடுச்சு. அடுத்த வேலையை நாளைக்கு அனுப்பறேன்" என்று பதிலும் வந்தது. அவர் மூச்சு விடுவதற்குள் வாசல் மணி ஒலித்தது.

கையில் ஒரு புதிய அட்டைப்பெட்டியுடன் மைத்துனன் நின்றுகொண்டிருந்தான்.

"மனசு கேக்கல அத்தான். கீபோர்டு. சத்தியமா இதுக்குச் சந்தா கிடையாது. உங்க பழச நானே எடுத்துட்டுப்…"

"பாத்தீங்களா, எவ்வளவு பாசம்னு!" என்றாள் மனைவி.

அவர் மேசைக்குச் சென்று, மவுஸையும் கீபோர்டையும் கழற்றி இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகே அவர் முகத்தில் புன்னகை வந்தது.

"வா மச்சான், உள்ள வா. சாப்பிட்டுட்டுப் போகலாம்" என்றார்.

மைத்துனன் விடைபெறும்வரை அவர் இடக்கை அந்தப் பையை விட்டு இறங்கவே இல்லை.