ராஜாம்பாள் டீச்சரைத் தேடி வந்த தண்ணீர்

1994 ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், திருநெல்வேலி டவுணில் ரதவீதிக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், மூன்றாம் நம்பர் கட்டிலை நோக்கித் தண்ணீர் நகர ஆரம்பித்தது. முதலில் பக்கத்துக் கட்டில்காரியின் டம்ளர் மேசையில் அரை அடி தள்ளிப் போனது. அடுத்து, தரை துடைக்கிற வாளி வாசல்படி ஏறி வந்தது. மத்தியானத்துக்குள் வராந்தாவில் இருந்த பானை உட்பட எல்லாம் அந்தப் பக்கமாகவே சாய்ந்து நின்றன. துடைக்கிற வேலை கூடிப்போனது என்பதைத் தவிர யாருக்கும் அதில் புகார் இல்லை.

மூன்றாம் நம்பர் கட்டிலில் படுத்திருந்தவர் ராஜாம்பாள் டீச்சர். வயது நாற்பத்தாறு. ஏரல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது வருஷமாகக் கணக்கு எடுக்கிறவர். இடது சிறுநீரகத்திலிருந்து புறப்பட்ட கல் ஒன்று பாதி வழியில் மாட்டிக்கொண்டு, சிறுநீரகம் வீங்க ஆரம்பித்திருந்தது. மூன்று நாள் பார்க்கலாம், தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கட்டும், அதற்கும் இறங்காவிட்டால் அறுக்க வேண்டியதுதான், தள்ளிப்போட்டால் அந்தச் சிறுநீரகம் மிஞ்சாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பொறுப்பு நர்ஸ் மாரித்தாயிடம் வந்தது. வலி வந்தால் ஊசி போடுவாள். விலாவில் வெந்நீர்ப் பை வைப்பாள். வலி அடங்கினதும் வராந்தாவில் நாலு நடை நடக்க வைப்பாள். போகிற சிறுநீரையெல்லாம் மெல்லிய துணியில் வடிகட்டிக் கல் வந்திருக்கிறதா என்று பார்ப்பாள். குடித்தது எவ்வளவு, போனது எவ்வளவு என்று கட்டில் தலைமாட்டில் ஓர் அட்டை தொங்கியது. அதில் முதல் நாள், ‘குடித்தது 300 மில்லி, தானாக வந்து நின்றது 4 லிட்டர்’ என்று எழுதி வைத்தாள். டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

கஷ்டம் என்னவென்றால், டீச்சருக்கு ரெண்டு மடக்குக்கு மேல் தொண்டையில் இறங்கவில்லை. ஆற்றில் போகிற தண்ணீரை அய்யா குடி அம்மா குடி என்பார்கள். இங்கே தண்ணீரே வந்து நின்றது, அம்மாதான் குடிக்கவில்லை. தபால் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்த கணவர் கோபாலசுப்பிரமணியன், வாழைத்தண்டுச் சாறும் பார்லித் தண்ணீரும் மாற்றி மாற்றி நீட்டினார். பாவம், மனுஷன் கடைசியில் எல்லாவற்றையும் தானே குடித்து, நாள் முழுக்கப் போய்ப் போய் வந்துகொண்டிருந்தார்.

ரெண்டாம் நாள் காலையில் மாரித்தாய் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஏன் டீச்சர், தண்ணியே ஒங்களைத் தேடி வருது. வாயைத் தொறக்கதுக்கு என்ன?”

டீச்சர் கணவரைக் காப்பி வாங்கி வர அனுப்பினார். அவர் படி இறங்குகிறவரை காத்திருந்தார்.

“குடிச்சா போகணும்லா, மாரித்தாய்.”

பிறகு மெதுவாகச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் பெண்களுக்கு ஒரே ஒரு கக்கூஸ். அதற்கு ஒரு பூட்டு. பிள்ளைகள் அசிங்கம் பண்ணிவிடுவார்கள் என்று தலைமையாசிரியர் அம்பலவாணன் சாவியைத் தன் மேசையில் வைத்திருந்தார். கெட்ட மனுஷர் இல்லை, சுத்தம் பார்க்கிறவர், அவ்வளவுதான். ஆனால் அந்த மேசையைச் சுற்றி எப்போதும் பதினோரு ஆண் வாத்தியார்கள் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்கள். அத்தனை பேரையும் தாண்டிப் போய்க் கை நீட்ட வேண்டும். டீச்சர் வேலையில் சேர்ந்த முதல் வாரம் ஒரு தடவை நீட்டினார். அதோடு சரி. விடியக்காலை பஸ் ஏறினால் சாயங்காலம் வீடு திரும்புகிறவரை ஒரு சொட்டு நாக்கில் படாது. தொண்டையும் பழகிவிட்டது.

மாரித்தாய் அவரைக் கைத்தாங்கலாக ஆஸ்பத்திரிக் கக்கூசுக்குக் கூட்டிப் போனாள்.

“இந்தக் கதவைப் பாருங்க. தாழ்ப்பாள் உள்ளதான் இருக்கு. வெளிய கொண்டியே கெடையாது. யார்ட்டயும் கேக்காண்டாம். பாத்துட்டியளா? இப்பம் குடிங்க.”

டீச்சர் கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரு டம்ளர் முழுசாகக் குடித்தார். அதிலிருந்து இதுவே வைத்தியமாகிவிட்டது. ஒவ்வொரு டம்ளருக்கும் முன்னால் ஒரு தடவை நடந்துபோய்க் கதவைப் பார்ப்பது, வந்து குடிப்பது. ஒரு நாளில் பதினாலு தடவை கூட்டிப் போனாள் மாரித்தாய். ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை, அதற்காகவே அவளைக் கும்பிடலாம். மூன்றாம் நாள் மத்தியானம், மிளகைவிடச் சின்னதாக, முள்ளு முள்ளாக ஒரு கல் துணியில் வந்து விழுந்தது. டீச்சர் அழுதார். மாரித்தாயும் அழுதாள், அழுதுகொண்டே அட்டையில் எழுதினாள்.

கல் போயும் தண்ணீர் டீச்சரை விடவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது, “தண்ணியை மட்டும் நிறுத்திராதீங்க டீச்சர். நிறுத்துனா இன்னொண்ணு வந்துரும்” என்று மாரித்தாய் சொன்னதில்தான் டீச்சருக்குப் பயம். கூடவே ஆஸ்பத்திரிக் கதவையும் தூக்கிக்கொண்டு போக முடியாதே.

ஆவணி பிறந்து முதல் திங்கட்கிழமை டீச்சர் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தபோது, சிமெண்டுத் தொட்டித் தண்ணீர் விளிம்பு தாண்டி இறங்கி, அவர் பின்னாலேயே வந்தது. வகுப்புக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தானே நடையைக் கடந்து போய், பெண்கள் கக்கூஸ் கதவில் ஏறி, பூட்டின் மேல் உட்கார்ந்துகொண்டது. மத்தியான மணி அடிப்பதற்குள் பூட்டு துருப்பிடித்து உதிர்ந்தது. அம்பலவாணன் புதுப் பூட்டு வாங்கினார், அது செவ்வாய்க்கிழமை உதிர்ந்தது. திருநெல்வேலிக்கு ஆள் அனுப்பிப் பித்தளைப் பூட்டு வாங்கினார். பித்தளை துருப்பிடிக்காது என்று விஞ்ஞான வாத்தியார் உறுதி சொன்னார். அது புதன்கிழமை வரை இருந்தது.

வியாழக்கிழமை பூட்டு இல்லை. ராஜாம்பாள் டீச்சர் எட்டாம் வகுப்பு நடுவில், கரும்பலகைக்கு முன்னால் நின்றபடியே, ஒரு செம்புத் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தார். கணக்குச் சொல்லிக்கொண்டிருந்த பெண்பிள்ளைகள் டீச்சர் வாயையே பார்த்தார்கள். முதல் பெஞ்சு முத்துராணி எழுந்து, “டீச்சர், நானும் குடிச்சுக்கிடட்டா?” என்று கேட்டாள்.

அன்று சாயங்காலம், பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக, பள்ளிக்கூடத்துத் தொட்டி அடி தெரியக் காலியாகிவிட்டது. அதற்குப் பிறகு எந்தத் தண்ணீரும் யார் பின்னாலும் போகவில்லை, வைத்த இடத்திலேயே இருந்தது. அம்பலவாணன் அந்த வாரமே, தொட்டி போதவில்லை, இன்னொன்று கட்ட வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதிப் போட்டார்.